கார்சியாவின் கிதாரை முதலில் கேட்ட இரவு: கிரேட்ஃபுல் டெட் நினைவுகள்

#1 நாடாப்பெட்டி

ஆகஸ்ட் 9 வந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. 1995இல் அந்த நாளில்தான் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிதார்க்காரரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா போனார். அவர் பிறந்தது 1942 ஆகஸ்ட் 1. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வருகிற வாரம் முழுக்க என் வீட்டில் கிரேட்ஃபுல் டெட் தவிர வேறு எதுவும் ஒலிக்காது. வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் முப்பது வருஷமாகத் தனியாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழில் இதைப் பற்றிப் பேச ஆட்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990இல் மேல்படிப்புக்குக் கலிஃபோர்னியா வந்தேன். அறைத்தோழன் ஓர் அமெரிக்கன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளே முழுக்க கேசட்டுகள். எதிலும் பாட்டுப் பெயர் பெரிதாக இருக்காது. தேதியும் ஊரும்தான். ஒரே பாட்டு நாற்பது கேசட்டில் இருந்தது. ஒரு பாட்டை எதற்கு நாற்பது முறை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "இது நாற்பது வேறு பாட்டு" என்றான். அன்று எனக்கு அது புரியவில்லை.

1991 ஆகஸ்டில் மவுண்டன் வியூவில் இருக்கும் ஷோர்லைன் அரங்குக்குக் கூட்டிப்போனான். கார் நிறுத்துமிடமே திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருந்தது. சாயம் தோய்த்த சட்டை, சீஸ் ரொட்டி, மணிமாலை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். யாராவது ஒரு டிக்கெட்டைச் சும்மா கொடுத்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் பின்னால் புல்வெளியில் உட்கார்ந்தோம். முதல் பாட்டு முடிந்ததும் மேடையில் எல்லோரும் நின்று சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கூட்டத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு மயிலாப்பூரில் அப்பாவோடு உட்கார்ந்து கேட்ட டிசம்பர் கச்சேரிகள்தான் நினைவுக்கு வந்தன. கறுப்பு டி-ஷர்ட், வெள்ளைத் தாடி, மூக்கில் சின்னக் கண்ணாடி. கார்சியா ஆடவில்லை, ஓடவில்லை, கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நின்ற இடத்தில் நின்று வாசித்தார். இரண்டாவது செட்டில், அதாவது இடைவேளைக்குப் பிறகு வரும் பகுதியில், ஒரு பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டப் போனேன். அறைத்தோழன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பாட்டு முடியவில்லை. அதற்குள் இருந்தே இன்னொரு பாட்டு மெதுவாக எழுந்து வந்துகொண்டிருந்தது. எங்கே ஒன்று முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று இன்றுவரை என்னால் கோடு போட்டுச் சொல்ல முடியாது.

சரி, உங்கள் இரவைச் சொல்லுங்கள்.

#2 மூன்றாம்தலைமுறை

ஐயா, செருப்புப் பெட்டி என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் அந்தப் பெட்டிகளின் ஆள்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த இசைக்குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள விட்டது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் தொடங்கி, பதிவு செய்பவர்களுக்கென்றே ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கினார்கள். அங்கே கம்பங்கள் காடு மாதிரி நிற்கும், ஒவ்வொன்றின் உச்சியிலும் மைக். ஒரே நிபந்தனை, அதை விற்கக் கூடாது. பகிர்ந்துகொள்ளலாம். வாசித்து முடித்துவிட்டால் இசை எங்களுடையது இல்லை, கேட்டவர்களுடையது என்பதுதான் கார்சியாவின் எண்ணம்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்தது 1988. டேப் வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவேன். இரண்டு வெற்றுக் கேசட், திருப்பி அனுப்புவதற்கான தபால்தலை, ஒரு சின்னக் குறிப்பு. முன்பின் தெரியாத ஒருவர் தன் இரவு நேரத்தைச் செலவழித்து நகல் எடுத்து அனுப்புவார். மேக்செல் எக்ஸ்எல்-டூ 90 கேசட்தான் எங்கள் நாணயம். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் நகலின் நகலின் நகல். 'ஹிஸ்' சத்தம் மழை மாதிரி கேட்கும். அந்த மழைக்குப் பின்னால் கார்சியா வாசிப்பார். இன்றைக்குச் சுத்தமான பதிவுகள் வந்துவிட்டன, ஆனால் என் காது இன்னும் அந்த மழையைத் தேடுகிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். இரண்டாவது செட் அதற்குள் அடங்காது. ஆகவே ஜாம், அதாவது மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிக்கும் பகுதி, உச்சத்தில் இருக்கும்போது 'டக்' என்று நின்றுவிடும். எழுந்து போய் மறுபக்கம் திருப்பிப் போட வேண்டும். எந்தக் கச்சேரியில் எந்த இடத்தில் அந்த 'டக்' வரும் என்று எனக்கு மனப்பாடம். இப்போது கணினியில் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் கால் தரையைத் தேடும்.

#3 அம்பத்தூர்க்காரன்

வணக்கம். நான் பிறந்ததே 1997இல். கார்சியாவை நேரில் பார்க்கும் வாய்ப்பே இல்லாத தலைமுறை. இணைய ஆவணக் காப்பகத்தில் இந்தக் குழுவின் ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மிரண்டு போய் நிற்கிறேன். இரண்டாயிரத்துக்கும் மேல் கச்சேரி! எங்கே தொடங்குவது? நண்பன் ஒருவன் ஸ்டூடியோ ஆல்பங்களைக் கொடுத்தான். 1970இல் வந்த இரண்டும் அழகாக இருக்கின்றன, ஆனால் நீங்கள் எல்லாரும் உருகுகிற அந்த விஷயம் எனக்கு இன்னும் சிக்கவில்லை. மூத்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

#4 ஆறுகம்பி

தம்பி, தேதியைச் சொல்வதற்கு முன்னால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நானும் கிதார் வாசிப்பவன் என்பதால் அவர் கையைத்தான் எப்போதும் பார்ப்பேன்.

நான்கு வயதில் அண்ணன் விறகு வெட்டும்போது கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோடாரி தவறி விழுந்து வலது கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அடுத்த சில மாதங்களில் அப்பா ஆற்றில் மூழ்கி இறந்தார். அப்பாவும் இசைக்கலைஞர்தான், ஜெரோம் கெர்ன் என்ற இசையமைப்பாளர் மேல் இருந்த பிரியத்தில்தான் மகனுக்கு ஜெரோம் என்று பெயர் வைத்தார். அந்தக் குறைவிரல் கையோடுதான் கார்சியா முதலில் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தில் ஊறினார். நாள் முழுக்கப் பாஞ்சோ சாதகம் செய்த காலம் உண்டு.

அவருடைய கிதாரில் அது கேட்கும். சுரங்களை இழுத்துக் குழைத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடமாட்டார். ஒவ்வொரு சுரமும் தனியாக, உருண்டையாக, நூலில் கோத்த மணி மாதிரி வரும். சத்தத்தைக் கூட்டி மிரட்டுவதும் கிடையாது. ராக் கிதார்க்காரர்கள் பலர் உச்சத்துக்கு ஏறிப் போய் அங்கேயே நின்று கத்துவார்கள். இவர் ஏறுவார், பாதியில் ஒரு கிளையைப் பார்ப்பார், அந்தப் பக்கம் போய்விடுவார். பாட்டின் மெட்டை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் அதன் நிழல் கூடவே வரும். நம் ஊரில் நிரவல் பாடும்போது சாகித்யத்தின் வரி கூடவே வருகிற மாதிரி.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டக் இர்வின் என்ற கைவினைஞர் அவருக்காகச் செய்த ஓநாய், புலி, ரோஸ்பட் ஆகிய மூன்று கிதார்களும் ரசிகர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. புலி கிட்டத்தட்ட ஆறு கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பது விளையாட்டல்ல. எனக்கு வாய்த்தது ஒரு சாதாரண கிதார். அதையே ஒரு மணி நேரம் மாட்டினால் தோள் சிவந்துவிடுகிறது. கார்சியா தன் உயிலில் இந்தக் கிதார்களைச் செய்தவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து ஓநாயும் புலியும் இர்வினிடம் போய்ச் சேர்ந்தன. 2002 ஏலத்தில் புலி 9,57,500 டாலருக்குப் போனது. அந்தத் தொகையைவிட, செய்த கைக்கே திரும்பட்டும் என்று ஒரு வாசிப்பவர் நினைத்ததுதான் எனக்குப் பெரிது.

#5 தகதிமி

கிதாரைப் பற்றி ஆறுகம்பி அண்ணா சொல்லிவிட்டார். நான் மிருதங்க மாணவன். இந்தக் குழுவுக்குள் நான் நுழைந்தது தாளத்தின் வழியாக.

இவர்களுக்கு இரண்டு டிரம்ஸ். பில் க்ராய்ட்ஸ்மன், மிக்கி ஹார்ட். மிக்கி 1967இல் சேர்ந்தவர். ஜாகிர் உசேனின் தந்தை உஸ்தாத் அல்லா ரக்காவிடம் அவர் பாடம் கேட்டார் என்று தெரிந்ததும் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். அறுபதுகளின் முடிவில் 'தி லெவன்' என்று ஒரு உருப்படி வாசித்தார்கள். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. தகிட தகிட தகிட தக, பதினொன்று. ஒரு ராக் குழு கோவையாக அதைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் கார்சியா தாளம் தெரியாதவர் மாதிரி சுதந்திரமாக மிதந்து, சரியாகச் சமத்தில் வந்து இறங்குவார். முதல் தடவை கேட்டபோது கையில் போட்டுக்கொண்டிருந்த தாளம் எனக்குத்தான் தவறியது. பின்னால் வந்த ஒரு பாட்டு ஏழு, இன்னொன்று பத்து. கேட்கிறவர்கள் எண்ணிக்கொண்டா ஆடினார்கள்? இல்லை. உடம்பு தானாகப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது செட்டின் நடுவில் மற்றவர்கள் எல்லாம் மேடையை விட்டு இறங்கிவிட, டிரம்ஸ் இருவர் மட்டும் வாசிப்பார்கள். பிறகு அவர்கள் இறங்க, கிதார்காரர்கள் வந்து தாளமே இல்லாத வெளியில் உலாவுவார்கள். 'டிரம்ஸ்', 'ஸ்பேஸ்' என்றே பெயர். அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போகிறவர்கள் கூட்டம் அதிகம் என்று படித்தேன். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு ஓடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அங்கே என்ன நடந்தது என்று.

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. சான் ரஃபேலில் அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரியில் ஜாகிர் உசேன் கற்பித்துக்கொண்டிருந்தபோது உருவான தாளக் குழுவோடு மிக்கி சேர்ந்து 1976இல் 'டிகா ரிதம் பேண்ட்' ஆல்பம் கொண்டுவந்தார். அதில் கார்சியாவும் கிதார் வாசித்திருக்கிறார். அதிலிருந்த ஒரு மெட்டுதான் பிறகு 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆனது. அப்புறம் 1991இல் மிக்கியின் 'பிளானட் டிரம்'. அதில் ஜாகிரோடு நம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருக்கிறார். உலக இசைக்கென்று கிராமி முதன்முதலாகக் கொடுத்த விருது அந்த ஆல்பத்துக்குத்தான். கிரேட்ஃபுல் டெட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று என் குருகுலத்துத் தோழர்கள் கேட்டபோது அந்தத் தட்டின் உறையைக் காட்டினேன்.

2024 அக்டோபரில் குழுவின் பேஸ் கிதார்க்காரர் ஃபில் லெஷ் மறைந்தார், டிசம்பரில் ஜாகிர் உசேன். அந்தக் குளிர்காலத்தில் நான் வாத்தியத்தைத் தொட்டபோதெல்லாம் இருவரும்தான் நினைவில் நின்றார்கள்.

#6 மேப்பிள்இலை

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1989இல் ரொறன்ரோ வந்து சேர்ந்தவன். வந்த புதிதில் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவினேன். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுதான். இங்கத்தைய சனம் கதைக்கிற வேகத்தில் பாதி விளங்காது. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன் 1990 மார்ச்சில் ஹமில்டன் கொப்ஸ் கொலிசியத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவனிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

வெளியில் குளிர். உள்ளே போனால் மண்டபத்துக்குள் மட்டும் இல்லை, சுற்றியுள்ள நடைபாதைகளிலும் கனபேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடை அவர்களுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் வருகிறது போதும் என்று கண்ணை மூடிச் சுழன்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு முன் வரிசையில் ஒருவர் ஊதிய பலூன் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஏன் இந்த வயதில் பலூன் என்று யோசித்தேன். இடைவேளையில் அவர் தன் மனைவியோடு கையால் கதைத்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அவருக்குக் காது கேளாது. ஃபில் லெஷின் பேஸ் கிதார் அந்தப் பலூனில் அதிரும். அதை அவர் நெஞ்சால் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பகுதி தொடங்கியபோது அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்து, பலூனை என் கையில் தந்தார். நான் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு இதயம் துடிக்கிற மாதிரி இருந்தது.

அவருக்குச் சத்தம் இல்லை. எனக்குச் சொல் விளங்கவில்லை. ஆனால் கார்சியா ஒரு மெதுவான பாட்டைப் பாடியபோது இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. ஊரில் அம்மா இருந்தா. கடிதம் வந்து நாலு மாதம். அந்த மனுசன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார், பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

பிறகு ஒரு இருபது தரம் கேட்டிருப்பேன் அந்தப் பாட்டை. சொல் எல்லாம் இப்ப விளங்குகிறது. அன்றைக்கு விளங்காமல் கேட்டதுதான் கூட விளங்கியது.

#7 நாடாப்பெட்டி

மேப்பிள்இலை அண்ணை, இரண்டு முறை படித்தேன். நன்றி.

அன்று கீபோர்டில் இருந்தவர் பிரெண்ட் மிட்லண்ட். அதே 1990 ஜூலையில் அவர் இறந்துபோனார். அவருடைய ஹாமண்ட் ஆர்கனும் கார்சியாவின் கிதாரும் ஒன்றை ஒன்று துரத்தும் அந்த வசந்தகாலப் பயணத்தை நீங்கள் நேரில் கேட்டிருக்கிறீர்கள். எங்களில் பலருக்கு அது டேப்பில்தான் வாய்த்தது.

#8 கடைசிவரிசை

எல்லோரும் மனம் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள். எனக்கும் அந்த அன்பு உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கார்சியாவுக்கே நியாயம் செய்யாத மாதிரி இருக்கும்.

1994இல் நான் பார்த்த கச்சேரியில் அவர் பாட்டின் வரிகளை மறந்தார். ஒரு பாட்டில் கிதாரின் ஒலியையே தாழ்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஐம்பத்திரண்டு வயதில் எழுபது வயதுக்காரர் மாதிரி இருந்தார். ஹெராயின், சர்க்கரை நோய், இதயம், ஓயாத பயணம். அவரை நம்பி எத்தனையோ குடும்பங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தன. நிறுத்தவும் முடியவில்லை. 1995 கோடையில் இண்டியானாவில் டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். மறுநாள் கச்சேரியையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நாம் நேசித்த மனிதரை நம் நேசமும் சேர்ந்துதான் களைக்க வைத்தது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் தொண்ணூறுகளின் டேப்பை நான் போடுவதே இல்லை.

#9 ஏரிக்கரை

கடைசிவரிசை சொல்வதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கமாட்டேன். நான் 1995 ஜூலை 9 அன்று சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் இருந்தேன். அதுதான் கடைசிக் கச்சேரி என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

அப்போது நான் மருத்துவமனையில் இரவுப் பணி செவிலியர். இரண்டு நாள் மாற்றிக் கேட்டு லீவு வாங்கிப் போயிருந்தேன். தொழில் பழக்கத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்தாலே எவ்வளவு சோர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெரிய திரையில் அவர் முகத்தைக் காட்டியபோது இவரை உடனே படுக்கவைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. குரல் நூல் மாதிரி இருந்தது. கை தடுமாறியது.

ஆனால் கடைசியில் திரும்ப வந்து 'பிளாக் மடி ரிவர்' பாடினார். முதுமையையும் இருட்டையும் பற்றிய பாட்டு. அதில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எவ்வளவு பலம் மிச்சம் இருந்ததோ அவ்வளவையும் அந்தப் பாட்டுக்குக் கொடுத்தார். அத்தோடு முடிக்கலாம் என்றிருந்தபோது ஃபில் லெஷ் 'பாக்ஸ் ஆஃப் ரெயின்' பாடினார். சாகக் கிடந்த தன் அப்பாவுக்காக ஃபில் மெட்டமைத்து, ராபர்ட் ஹண்டர் வரி எழுதிய பாட்டு அது. கார்சியா பின்னால் நின்று அவருக்குத் துணையாக வாசித்தார். அவர் குழுவோடு வாசித்த கடைசிச் சுரங்கள் இன்னொருவர் பாட்டுக்குத் துணையாக இருந்தவை. பிறகு ஏரிக்கு மேல் வாணவேடிக்கை. சரியாக ஒரு மாதம் கழித்து, சிகிச்சைக்காகச் சேர்ந்திருந்த இடத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 53.

தம்பி, நீங்கள் அந்த டேப்பைப் போடாமல் இருப்பது புரிகிறது. நான் வருஷத்துக்கு ஒரு தடவை போடுவேன். நலமாக இருந்தபோது மட்டும் ஒருவரை நேசித்தோம் என்று ஆகிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

#10 ஆறுகம்பி

அக்கா, ஒன்று சேர்க்கிறேன். அன்று ரோஸ்பட் கிதாரில் பழுது வந்ததால் பாதியில் பழைய புலியை எடுத்து மாட்டிக்கொண்டார். சில வருஷமாக ஓரமாக இருந்த கிதார். கடைசிப் பாட்டு அதில்தான்.

#11 கடைசிவரிசை

ஏரிக்கரை அக்கா, இந்த வருஷம் போட்டுக் கேட்கிறேன். உங்களுக்காக.

#12 மூன்றாம்தலைமுறை

கார்சியா ஒருமுறை போய்த் திரும்பி வந்தவர் என்பதையும் சொல்லிவிடுவோம். 1986 ஜூலையில் சர்க்கரை நோயால் மயக்க நிலைக்குப் போனார். பல நாள் நினைவில்லை. எழுந்தபோது கிதார் வாசிப்பதே கையை விட்டுப் போயிருந்தது. பழைய நண்பர் மெர்ல் சாண்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி, ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். டிசம்பர் 15 அன்று ஓக்லண்டில் மேடை ஏறி முதல் பாட்டாக 'டச் ஆஃப் கிரே' வாசித்தார். பிழைத்துக்கொள்வோம் என்று சொல்கிற பாட்டு. அந்த டேப்பில் கூட்டம் எழுப்பும் சத்தத்தில் கிதாரே கேட்காது. நான் கேட்ட சத்தங்களிலேயே அழகானது அது. மறுவருஷம் அந்தப் பாட்டு பில்போர்ட் பட்டியலில் 9ஆம் இடம் வரை போனது. முப்பது வருஷத்தில் முதல் பத்துக்குள் நுழைந்த ஒரே பாட்டு.

#13 தகதிமி

அஸ்தி கங்கையில் கரைக்கப்பட்டது பலருக்குத் தெரியாது. 1996 ஏப்ரலில் குழுவின் இன்னொரு கிதார்க்காரர் பாப் வேரும் கார்சியாவின் மனைவி டெபோரா கூன்ஸும் ஒரு பகுதியை ரிஷிகேஷுக்குக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். மீதி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில். நான் பாட்டியோடு ரிஷிகேஷ் போயிருந்தபோது படித்துறையில் உட்கார்ந்து பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டிக்கு அவர் யார் என்று தெரியாது. "பாட்டுக்காரனா? சரி, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி ஒரு கை தண்ணீர் அள்ளி விட்டாள்.

#14 நாடாப்பெட்டி

அம்பத்தூர்க்காரன் தம்பி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எல்லோரும் கொஞ்சம் பதில் சொல்லுங்கள்.

என் பங்குக்கு: 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். நல்ல பதிவு. கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்கள் மே மாதத்தில் பனி கொட்டியதைப் பார்த்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. முதலில் கேட்பவருக்கு அதைவிட நேரான வாசல் கிடையாது. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' தொடங்கும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

#15 மூன்றாம்தலைமுறை

77 பளபளப்பானது. நான் மறுக்கவில்லை. ஆனால் அது வழி தெரிந்து போகிற வண்டி. வழி தெரியாமல் போவதைக் கேட்க வேண்டுமென்றால் 1972தான். ஒரே டிரம்ஸ், மிக்கி அப்போது குழுவில் இல்லை. அதனால் சட்டென்று எங்கே வேண்டுமானாலும் திரும்ப முடிந்தது. ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலம் வெனீட்டா. ஒரு பால்பண்ணை கடனில் தள்ளாடியது, அதற்கு உதவ வாசித்தார்கள். டிக்கெட்டைத் தயிர் டப்பாவின் லேபிளில் அச்சடித்தார்கள். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. கம்பிகள் சூட்டில் சுருதி விலகிக்கொண்டே இருந்தன. அந்த வெயிலில் 'டார்க் ஸ்டார்' வாசித்தார்கள், அரை மணி நேரம். பாட்டு என்று பார்த்தால் நாலு வரிதான். மற்றதெல்லாம் போகிற வழி.

#16 கடைசிவரிசை

வெனீட்டாவுக்கு என் ஓட்டு.

#17 தகதிமி

தாளக்காரன் என்ற முறையில் நான் 77 பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் அந்த டார்க் ஸ்டாரில் க்ராய்ட்ஸ்மன் ஒற்றை ஆளாக எல்லோருக்கும் கீழே தரை விரித்துக்கொண்டே போகிறார். ஓட்டு வெனீட்டாவுக்கு.

#18 அம்பத்தூர்க்காரன்

வெனீட்டா கேட்டேன். எங்கே கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

காலையில் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறும்போது டார்க் ஸ்டாரை ஓட விட்டேன். கதவோரம் நிற்கத்தான் இடம். வில்லிவாக்கம் வரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பெரம்பூர் தாண்டியதும் காத்திருப்பதை விட்டுவிட்டேன். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலுக்காக ரயில் நின்றுவிட்டது, வழக்கம் போல. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து எரிச்சலாக நின்றார்கள். என் காதில் கிதாரும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஒரு சுரம், அப்புறம் வெறும் இடம், அப்புறம் அதைக் கேட்டுவிட்டு பேஸ் சொல்லும் ஒரு பதில். அவர் வாசித்துக்கொண்டிருக்கவில்லை, மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ரயில் மறுபடி நகர்ந்தபோது அவர்களும் நகர்ந்தார்கள். சென்ட்ரலில் இறங்கி நடைமேடையில் கால் வைக்கும்போது, அந்த மொத்தக் கலக்கத்துக்குள்ளிருந்து ஒரு கௌபாய் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் முதுகில் இடித்தார்.

நாடாப்பெட்டி ஐயா, நாற்பது வேறு பாட்டு என்று உங்கள் அறைத்தோழர் சொன்னது சரிதான். அடுத்து எந்த டார்க் ஸ்டார்?

#19 நாடாப்பெட்டி

1970 பிப்ரவரி 13, நியூயார்க், ஃபில்மோர் ஈஸ்ட். இதுவும் அரை மணி நேரம். மாலையில் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் போடுங்கள். சன்னலோரம் இடம் கிடைக்கட்டும்.